இரண்டே கட்டம் போட்ட படிவம்

சப்போர்ட் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரச் சொல்லி என் பழைய அலுவலகத்தில் கேட்டார்கள். கொஞ்சம் உற்சாகம் ஊட்டுகிற மாதிரி இருந்தால் நல்லது என்றும் சொன்னார்கள். உற்சாகத்துக்கு நான் எங்கே போவேன்? ஊரார் கணினியை எல்லாம் வருஷக் கணக்கில் பார்த்துப் பார்த்து என்னிடம் மிஞ்சியிருப்பது எரிச்சல்தான். இருப்பதைத்தானே கொடுக்க முடியும்.

போன வாரம் உங்களில் ஒருவர் எனக்கு போன் செய்தார். பெயரைச் சொல்லிக் காட்டிக்கொடுக்க மாட்டேன். "மேடம், ஒரு யூசரோட மெஷின்ல வர்ச்சுவலைசேஷன் இல்ல. வேற மெஷின் வாங்கிக்கோங்கன்னு சொல்லிட்டேன்" என்றார். எதைப் பார்த்து இல்லை என்று சொன்னீர்கள் என்று கேட்டேன். "டாஸ்க் மேனேஜர்ல டிசேபிள்ட்னு இருந்துச்சு மேடம்" என்றார். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. அட கடவுளே, குழாயை மூடி வைத்திருந்தால் வீட்டில் தண்ணீரே இல்லை என்று எழுதிக் கொடுப்பீர்களா என்று ஆரம்பித்து நன்றாக வாங்கு வாங்கு என்று வாங்கிவிட்டேன்.

போனை வைத்த பிறகு வெட்கமாக இருந்தது. அந்தப் பிள்ளையைத் திட்டுகிற யோக்கியதை எனக்கு இல்லை. அதே தப்பை நான் ஒரே காலையில் பதினோரு பேருக்குச் செய்திருக்கிறேன். அதில் ஒரு வீட்டுக் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

ஊரடங்கு வந்த வருஷம். அப்போது நான் ஐரோலியில் ஓர் அலுவலகத்தின் சப்போர்ட் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்ஷூரன்ஸ் தாள்களைச் சரிபார்த்துப் பதிவு செய்வது எங்கள் ஆட்களின் வேலை. அலுவலகம் மூடிக் கிடந்தது. வீட்டில் சொந்தக் கணினி வைத்திருப்பவர்கள் அதிலேயே வேலை செய்யட்டும் என்று மேலிடம் முடிவு செய்தது. ஆனால் வாடிக்கையாளர் விவரங்கள் வீட்டுக் கணினியில் கலந்துவிடக் கூடாது. அதனால் வீட்டுக் கணினிக்குள்ளேயே தனியாக இன்னொரு கணினியை, அலுவலகத்துக் கணினியை, ஓட்ட வேண்டும். உள்ளே நடப்பது உள்ளேயே இருக்கும்.

இதற்கு ப்ராசஸரில் வர்ச்சுவலைசேஷன் என்ற வசதி பிறவியிலேயே இருக்க வேண்டும். இருந்தால் மட்டும் போதாது, விண்டோஸ் எழுந்திருக்கும் முன்னால் வருகிற செட்டிங்கில் அது இயக்கப்பட்டிருக்கவும் வேண்டும். வீட்டுக்கு வாங்குகிற கணினிகளில் பாதிக்கு மேல் அணைத்தே கிடக்கும், யாருக்கும் தேவைப்படாது என்பதால். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். எனக்கும் தெரிந்ததுதான். தெரிந்து என்ன பிரயோஜனம்?

காலை ஒன்பது மணிக்கு ஒரு படிவம் வந்தது. பெயர், போன் நம்பர், 'வர்ச்சுவலைசேஷன்: ஆம் / இல்லை'. இரண்டே கட்டம். இதைத் தயாரித்த புண்ணியவான் யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் நேரில் போய் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். 'ஆம்' என்று வருகிறவர்களுக்கு மறுநாளே வேலை. 'இல்லை' என்று வருகிறவர்களுக்கு அலுவலகம் திறக்கும்வரை வேலையும் கிடையாது, சம்பளமும் கிடையாது. என் பங்குக்கு நாற்பத்திரண்டு பேர். மாலை ஐந்து மணிக்குள் முடிக்க வேண்டும்.

செம்பூரில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து ஒவ்வொருவராக அழைத்தேன். பொறுமை போயே போய்விட்டது. திரையைப் படம் எடுத்து அனுப்புங்கள் என்றால் ஒருவர் பெட்டியின் முன்னால் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்புகிறார். ஸ்டிக்கரை நம்பாதீர்கள் என்று உங்களுக்கும் சொல்லிவைக்கிறேன், பழைய பெட்டிக்குள் புது போர்டும் இருக்கும், புதுப் பெட்டிக்குள் பழைய போர்டும் இருக்கும். பாண்டுப்பிலிருந்து ஒருவர் அனுப்பிய படத்தில் கட்டைவிரல்தான் தெளிவாகத் தெரிந்தது. இன்னொருவர் பாதியில் பால் வாங்கப் போய்விட்டார்.

இந்த ரகளைக்கு நடுவில் சுடலைமுத்துவை அழைத்தேன். அலுவலகத்தில் எல்லோருக்கும் முத்து. தாராவியில் நைன்ட்டி ஃபீட் ரோட்டை ஒட்டி ஒரே அறை உள்ள வீடு. அவர், மனைவி மாரி, கைக்குழந்தை. நாலு வருஷத்தில் ஒரு நாள் தாமதமாக வந்தவர் இல்லை. சொன்னதை ஒரே தடவையில் செய்து, டாஸ்க் மேனேஜரைத் திறந்து, வாசித்தும் காட்டினார்.

"வர்ச்சுவலைசேஷன்னு இருக்கு மேடம். பக்கத்துல டிசேபிள்ட்னு போட்டிருக்கு. அப்படின்னா என்ன மேடம்?"

"இல்லைன்னு அர்த்தம் முத்து."

"வேற வழி ஏதும் உண்டா மேடம்?"

"மெஷின்ல இல்லாததை நான் எங்கேயிருந்து கொண்டு வர்றது?"

"சரி மேடம். பாத்துக்கிடுதேன்" என்றார். மொத்தம் ஒன்றரை நிமிஷம்கூட ஆகியிருக்காது. 'இல்லை' கட்டத்தில் டிக் போட்டுவிட்டு அடுத்த நம்பரை அழுத்தினேன்.

ஒரு மணிக்கு எங்கள் மேலாளர் அழைத்தார். மராட்டிக்காரர், எங்கள் பேச்சு எப்போதும் இந்தியில்தான். "ஜித்னா ஹுவா உத்னா பேஜ் தோ" என்றார், எவ்வளவு ஆகியிருக்கிறதோ அவ்வளவையும் அனுப்பிவிடு என்று. அனுப்பினேன். அதில் பதினோரு 'இல்லை'. இரண்டு மணிக்கு அந்தப் பதினோரு பேருக்கும் எச்.ஆரிலிருந்து மெயில் போய்விட்டது. மற்ற விஷயத்துக்கெல்லாம் வாரக்கணக்கில் பதில் போடாத எச்.ஆர்., இதற்கு மட்டும் ஒரே மணி நேரத்தில் பதில் போட்டது.

அதற்குப் பிறகு அழைத்தவர்கள் எல்லோரும் 'ஆம்'. மூன்று மணிக்குக் கடைசியாக என் சொந்த வரியை நிரப்ப உட்கார்ந்தேன். என் கணினி அதற்கு முந்தின வருஷம் வாஷியில் வாங்கியது, நல்ல விலை கொடுத்து. அதில் இந்த வசதி இல்லாமல் இருக்கவே முடியாது. 'ஆம்' என்று போடப் போனவள், எதற்கும் பார்த்துவிடலாம் என்று திறந்தேன்.

டிசேபிள்ட் என்று இருந்தது.

முதலில் வாஷிக் கடைக்காரன் மேல்தான் கோபம் வந்தது, ஏமாற்றிவிட்டானே என்று. அரை நிமிஷம் கழித்துத்தான் உறைத்தது. கடைக்காரன் ஏமாற்றவில்லை. வசதி இருக்கிறது, அணைத்துக் கிடக்கிறது. எங்கள் அலுவலகத்து மெஷின்களில் வந்த அன்றைக்கே அதை இயக்கிவிடுவோம், அதனால் அந்த இடத்தில் 'எனேபிள்ட்' தவிர வேறு எதையும் நான் பார்த்துப் பழகவில்லை. புதிதாக ஒரு சொல் வந்ததும் நின்று யோசிக்காமல், படிவத்தில் இருந்த இரண்டு கட்டத்தில் எது பக்கத்தில் இருக்கிறதோ அதில் தள்ளிவிட்டேன். தலையில் அடித்துக்கொண்டேன், நிஜமாகவே.

பதினோரு பேரையும் வரிசையாகத் திரும்ப அழைத்தேன். பத்துப் பேர் வீட்டில் இருந்தார்கள். செட்டிங்கில் எப்படி நுழைவது, எந்த வரியைத் தேடுவது என்று சொல்லி, முடித்துவிட்டுப் படம் அனுப்பச் சொன்னேன். முத்து மட்டும் வீட்டில் இல்லை. போனில் ஒரே இரைச்சல்.

"போலீஸ் ஸ்டேஷன் வாசல்ல நிக்கேன் மேடம். ஊருக்குப் போற ரயிலுக்குப் பேர் எழுதுதாவ. மெயில் வந்துட்டுல்லா. சம்பளம் இல்லாம இங்க வாடகை குடுத்து இருக்க முடியாது."

"உங்களுக்கு முன்னாடி எத்தனை பேர்?"

"பதினஞ்சு பேர் இருக்கும். அஞ்சு மணிக்கு மூடிருவாவளாம். இன்னைக்கு விட்டா அடுத்த வண்டி எப்பன்னு அவியளுக்கே தெரியல."

ஓடி வாங்க, நான் சொன்னது தப்பு என்று சொல்ல வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். இதை மட்டும் அன்றைக்கு நான் ஒழுங்காகச் செய்தேன் என்று நினைக்கிறேன். அவர் மெஷின் இரண்டாம் கை, கடையில் பாகங்களைக் கோத்துக் கொடுத்தது. ஒருவேளை நிஜமாகவே அந்த வசதி இல்லாத பழைய ப்ராசஸராக இருந்தால்? வரிசையை விட்டு வந்து ரயிலும் போய், வேலையும் போய், கைக்குழந்தையோடு நடுத்தெருவில் நிற்பார். காலையில் பார்க்காமல் 'இல்லை' சொன்ன வாயால் மத்தியானம் பார்க்காமல் 'இருக்கு' என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. "நீங்க வரிசையிலேயே நில்லுங்க. வீட்டுல யாராவது மெஷின் பக்கத்துல இருக்காங்களா?" என்று மட்டும் கேட்டேன். மாரியின் நம்பரைக் கொடுத்தார்.

மாரி எடுத்ததுமே, "அவிய இல்ல. பேர் எழுதப் போயிருக்காவ. மூட்டை கட்டியாச்சு. இந்தக் கம்ப்யூட்டரத்தான் யாருகிட்ட விட்டுட்டுப் போகன்னு தெரியல" என்றார். குரலில் என்மேல் கோபம் இருந்தது. இருக்கத்தானே செய்யும்.

"அம்மா, அதை ஒரு தடவை போடுங்க. திரையில ஒரு பேர் இருக்கும், எனக்கு வாசிச்சுக் காட்டணும்."

"எனக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது. எழுத்து தெரியும்."

"எழுத்து போதும்."

மூன்று பொத்தானை ஒன்றாக அழுத்தச் சொன்னேன். முதல் தடவை வேறு ஏதோ திறந்துகொண்டது. குழந்தை அழுதது. இரண்டாம் தடவை சரியாக வந்தது. வலது பக்கம் மேலே இருக்கிற வரியை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். "ஐ. அஞ்சு. சின்னதா ஒரு கோடு. மூணு, நாலு, ஏழு, சைபர்." மறுபடி சொல்லச் சொன்னேன். மாறாமல் அதையே சொன்னார், எத்தனை தடவை கேப்பீய என்றும் சேர்த்துச் சொன்னார்.

ப்ராசஸர் தயாரித்தவர்களின் சொந்தப் பட்டியலில் அந்த எண்ணைத் தேடிப் பிடித்தேன். வசதி உண்டு என்று தெளிவாக இருந்தது. இன்னொரு தடவை பார்த்தேன். காலையிலேயே செய்திருக்க வேண்டிய வேலை. ஆளுக்கு மூன்று நிமிஷம். அந்த மூன்று நிமிஷத்தை மிச்சம் பிடிக்கத்தான் இத்தனை கூத்து.

முத்துவை அழைத்தேன். "கிளம்பி வாங்க. உங்க மெஷின்ல அது இருக்கு."

"எனக்கு முன்னால இன்னும் நாலு பேர்தான் மேடம்."

"வாங்க முத்து. நான் பார்த்துட்டேன்."

"நீங்க சொன்னா சரி மேடம்" என்றார். ஏன் என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

பத்து நிமிஷத்தில் வீட்டிலிருந்து வீடியோ காலில் வந்தார். சட்டை தெப்பமாக நனைந்திருந்தது. மெஷினை அணைத்துப் போட்டு, டிலீட் பொத்தானை விடாமல் தட்டச் சொன்னேன். செட்டிங் வரவில்லை. பாஸ்வேர்டு கேட்டது.

அசெம்பிள் செய்து விற்கும் சில கடைகளில் இப்படி ஒரு பழக்கம் உண்டு. வாங்கினவன் உள்ளே போய் எதையாவது நோண்டிவிட்டு, கெட்டுப் போச்சு என்று கடை வாசலில் வந்து சண்டை போடுவான். அதற்குப் பயந்து விற்கும்போதே செட்டிங்குக்கு ஒரு பூட்டுப் போட்டுவிடுவார்கள். வாங்கினவனிடம் சொல்வதும் இல்லை. முத்து வாங்கிய கடைக்கு ஷட்டர் போட்டு மூன்று வாரம் ஆகியிருந்தது. கடைக்காரர் ஊருக்குப் போய்விட்டார், போன் அணைத்துக் கிடந்தது. இருக்கு என்று சொல்லி வரிசையிலிருந்து இழுத்து வந்தாயிற்று. இருப்பதென்னவோ உண்மைதான், ஆனால் பூட்டின கதவுக்கு உள்ளே.

ஒரு வழி இருந்தது. இந்த மாதிரி போர்டுகளில் செட்டிங்கையும் பாஸ்வேர்டையும் நினைவில் வைத்திருப்பது காசு அளவில் ஒரு சின்ன பேட்டரி. கரண்டைப் பிடுங்கிவிட்டு அதைக் கழற்றிக் கொஞ்ச நேரம் விட்டால் பெரும்பாலும் எல்லாம் மறந்துவிடும். எல்லா போர்டிலும் அல்ல, பெரும்பாலும்தான். பெட்டியைத் திறந்து அதைக் கழற்ற வேண்டும் என்று முத்துவிடம் சொன்னேன்.

"கழட்டலாமா மேடம்? கெட்டுப் போயிராதா?"

அவர் கையிலிருந்து மாரி போனை வாங்கிக்கொண்டார். திரையில் முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்தேன். பின்னால் கயிறு கட்டிய இரண்டு மூட்டை.

"காலைல இல்லன்னீய. இப்ப இருக்குன்னு சொல்லி வரிசைல நின்ன மனுசன இழுத்துட்டு வந்துட்டீய. இப்ப கழட்டுங்கீய. எதுதான் நெசம்?"

இப்படிக் கேட்கும்போது நம்மவர்கள் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். நானும் செய்திருக்கிறேன். வாயில் நுழையாத நாலு டெக்னிக்கல் வார்த்தையைப் போட்டு எதிராளியை மலைக்க வைத்து, சொன்னதைச் செய் என்போம். அன்றைக்கும் நாக்கு நுனிவரை வந்தது. அந்த முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல முடியவில்லை.

"காலையில நான் சொன்னது தப்பு மாரி. சரியாப் பார்க்காம சொல்லிட்டேன். உங்க மெஷின்ல அது இருக்கு, அதுல சந்தேகமே இல்லை. ஆனா பேட்டரியைக் கழட்டினா பூட்டு திறக்கும்னு உறுதியாச் சொல்ல மாட்டேன். திறக்கும்னு நம்பறேன். அவ்வளவுதான்."

மாரி புருஷன் பக்கம் திரும்பி, "இதுதான் நெசம் மாதிரி இருக்கு. கழட்டுங்க" என்றார்.

ஸ்க்ரூட்ரைவர் இல்லை. காய் நறுக்குகிற கத்தியின் முனையால் திருகினார். உள்ளே ஒரு முழத்துக்குத் தூசி. மாரி இன்னொரு போனில் டார்ச் அடித்துப் பிடித்தார். பேட்டரி சட்டென்று எகிறி மூட்டைக்கு அடியில் ஓடியது, அதைத் தேட இரண்டு நிமிஷம் போயிற்று. பத்து நிமிஷம் சும்மா இருங்கள் என்றேன். மணி நாலேகால். அந்தப் பத்து நிமிஷம் போன மாதிரி எந்தப் பத்து நிமிஷமும் எனக்கு மெதுவாகப் போனதில்லை.

பேட்டரியைத் திரும்பப் போட்டு, மெஷினைப் போட்டு, டிலீட்டைத் தட்டினார். செட்டிங் திறந்துகொண்டது, பாஸ்வேர்டு கேட்காமலே. கடிகாரம் பத்து வருஷம் பின்னால் போயிருந்தது, அதை யார் பார்த்தார்கள். வர்ச்சுவலைசேஷன் என்ற வரியைத் தேடி, இயக்கி, சேமித்து வெளியே வந்தார். விண்டோஸ் எழுந்தது. டாஸ்க் மேனேஜர்.

"எனேபிள்ட்! வந்துட்டு மேடம்! எனேபிள்ட்னு போட்டிருக்கு!" என்று கத்தினார். நானும் கத்தினேன் என்று நினைக்கிறேன், பக்கத்து ஃபிளாட்டில் ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள்.

மணி நாலே முக்கால். அதற்குள் மற்ற பத்துப் பேரின் படங்களும் வந்திருந்தன. எட்டுப் பேருக்கு வந்துவிட்டது, இரண்டு பேருடையது நிஜமாகவே பழசு. மேலாளரை அழைத்தேன். "ஷீட் தோ சலா கயா, மேடம்" என்றார், பட்டியல் போயே போய்விட்டது என்று. மாற்ற வேண்டும் என்றேன். காரணம் எழுத வேண்டுமே என்று தயங்கியவர், அவரே ஒரு யோசனையும் சொன்னார்: யூசர்கள் தப்பாக வாசித்துச் சொல்லிவிட்டார்கள் என்று ஒரு வரி போட்டுவிடு, யாருக்கும் பிரச்சினை இல்லை.

யாருக்கும் பிரச்சினை இல்லையாம்! முத்து எழுத்துப் பிசகாமல் வாசித்தார். அவருடைய மனைவி இங்கிலீஷ் தெரியாமலே எழுத்துக் கூட்டிச் சரியாகச் சொன்னார். தப்பாக வாசித்தவள் நான் ஒருத்திதான். ஒன்பது பெயரையும் எழுதி, 'சோதித்தவரின் தவறு, யூசர்களின் தவறு அல்ல' என்று போட்டு, எச்.ஆர். உட்பட எல்லோருக்கும் மெயில் அனுப்பினேன். மேலாளர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும். ஐந்தரை மணிக்கு ஒன்பது பேரையும் சேர்த்துக்கொண்டதாகப் பதில் வந்தது.

உங்களிடமும் யாராவது இரண்டு கட்டம் போட்ட படிவத்தை நீட்டுவார்கள். தயவுசெய்து பேனாவை எடுத்து மூன்றாவது கட்டத்தை நீங்களே வரைந்துகொள்ளுங்கள்: 'இன்னும் சரியாகப் பார்க்கவில்லை'. திட்டுவார்கள், வாங்கிக்கொள்ளுங்கள். மெஷின் அணைத்திருக்கிறது என்று சொன்னால் அணைத்திருக்கிறது என்று எழுதுங்கள். அதற்கு மேல் ஒரு எழுத்துகூட அது சொல்லவில்லை. மிச்சத்தை நீங்கள் சேர்க்காதீர்கள்.

எச்.ஆர். பதில் வந்ததும் முத்துவுக்குத்தான் முதலில் போன் செய்தேன். மாரி எடுத்தார். கடிகாரத்தைச் சரி செய்துகொண்டிருக்கிறார் என்றார். பெயரைச் சேர்த்தாயிற்று, உங்கள் மெஷினில் இருக்கிறது என்று எழுதிவிட்டேன், நாளையிலிருந்து வேலை என்று சொன்னேன். இரண்டு நல்ல வார்த்தை வரும் என்று எதிர்பார்த்தேன், பொய் சொல்ல மாட்டேன்.

"காலைலயே இருந்துச்சுல்லா மேடம்" என்றார் மாரி. "நீங்க இப்பத்தான பாத்தீய."

"ஆமாம்மா" என்றேன்.